உழைச்செல்வான்

நுழையும்முன்

காய்ச்சல் கண்டவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தயங்காத நாம், மனம் சோர்ந்தவரை அழைத்துச் செல்லத் தயங்குகிறோம். மனநோய் குறித்த அச்சமும் நாணமும் இன்னும் நம்மைவிட்டு நீங்கவில்லை. நோயுற்ற மனத்தைப் பேணும் முறை குறித்துத் தமிழ் அறநூலும் ஆயுர்வேதமும் சிந்தித்துள்ளன. இன்றைய மருத்துவ அறிவியல் அச்சிந்தனையைச் சோதித்து வளர்த்துள்ளது. துயருற்றவரின் அருகிருந்து கேட்பவர் ஏன் தேவை, அவர் பெறவேண்டிய பயிற்சி யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒப்பாரி இல்லாத துயரங்கள்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, பெறுதற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்த செய்தியை நாம் அறிவோம். அந்த நட்பில் ஔவையின் பங்கும் பெரிது. அவர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார். அவன் இறந்தபோது கையறுநிலைப் பாடல் பாடித் தம் துயரைச் சொல்லாக்கினார்.

துயரைச் சொல்லாக்குவதும், அச்சொல்லைக் கேட்க ஒருவர் இருப்பதும் மனச்சுமையைக் குறைக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இழவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் சேர்ந்தமர்ந்து ஒப்பாரி பாடுவது இன்றும் சிற்றூர்களில் உள்ள வழக்கம். அங்கே அழுபவர் தனித்து அழுவதில்லை.

ஆனால், எல்லாத் துயரமும் ஊரறிய அழக்கூடியதன்று. ஆழ்துளைக் கிணறு வற்றிக் கடன் பெருகிய உழவர், தேர்வில் தோற்ற மாணவர், கணவரின் குடிப்பழக்கத்தால் அல்லலுறும் பெண், வேலை தேடிப் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ சென்று தனித்திருக்கும் இளைஞர் ஆகியோரின் துயரங்களுக்கு ஒப்பாரி இல்லை. அவை உள்ளேயே தங்கி உறக்கத்தையும் பசியையும் கெடுத்து, நாளடைவில் நோயாக முதிர்வதும் உண்டு.

பெங்களூருவிலுள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலுடன் வாழ்கின்றனர் என்று அவ்வாய்வு கணித்தது. நோயின் வகைக்கேற்ப அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை என்பது அதனினும் கவலைக்குரிய முடிவாகும். மனநல மருத்துவர்களின் எண்ணிக்கையோ நம் நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. இந்த இடைவெளியை நிரப்பப்போவது யார்?

நான்கு கால்கள்

இவ்வினாவிற்கு விடை தேடத் திருக்குறளின் 95ஆவது அதிகாரமான 'மருந்து' உதவுகிறது. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகியவையே அந்நான்கு. நான்காமவரை அவர் 'உழைச்செல்வான்' என்னும் சொல்லால் குறிக்கிறார். 'உழை' என்பதற்குப் 'பக்கம்' என்பது பொருள். நோயாளியின் பக்கத்தில் இருந்து, செய்ய வேண்டுவனவற்றைப் பிழையாமல் செய்பவரே உழைச்செல்வான்.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் மருத்துவத்திற்கு இதே நான்கினையும் கால்களாகக் கூறுகிறது. ஒவ்வொரு காலுக்கும் நான்கு தகுதிகளையும் அது வகுக்கிறது. பேணுபவருக்குரிய தகுதிகளாவன: பேணும் முறையை அறிந்திருத்தல், செயல்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை. இவற்றுள் அன்பு ஒன்றே ஒன்றுதான் என்பதைக் கருதுதல் வேண்டும். அன்பு மட்டும் போதும் என்று அந்நூல் கூறவில்லை. அறிவும் திறனும் அதனோடு சேரவேண்டும்; அவை பயிற்சியால் வருபவை.

மனத்தை வசப்படுத்தும் மருத்துவம்

உடலுக்கு வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றைக் கூறுவது போல, மனத்திற்குச் சத்துவம், இராசதம், தாமதம் என்னும் மூன்று இயல்புகளை ஆயுர்வேதம் கூறுகிறது. தெளிவு சத்துவத்தின் தன்மை. கொந்தளிப்பு இராசதத்தின் தன்மை. மந்தம் தாமதத்தின் தன்மை. பின்னிரண்டும் மிகும்போது மனம் நோயுறுகிறது என்பது அதன் கொள்கை.

சரகர் சிகிச்சையை மூன்றாகப் பகுக்கிறார். வழிபாடு, நோன்பு முதலியவற்றைச் சார்ந்தது முதல்வகை. உணவு, மருந்து முதலியவற்றை ஆராய்ந்து அளிப்பது இரண்டாம் வகை. தீங்கு தரும் எண்ணங்களிலிருந்தும் நாட்டங்களிலிருந்தும் மனத்தை மீட்டெடுப்பது மூன்றாம் வகை. இதற்குச் 'சத்வாவஜயம்' என்று பெயர். மனத்தை வெற்றிகொள்ளுதல் என்பது இதன் பொருள். இன்று உளவள ஆலோசனை என நாம் வழங்கும் துறைக்கு நெருக்கமான பழங்கருத்து இதுவே. மனநோய்க்கு மருந்தாகத் தன்னை அறிதல், நூலறிவு, மனவுறுதி, நினைவாற்றல், மன ஒருமை ஆகிய ஐந்தனை அந்நூல் சுட்டுகிறது. அன்புக்குரிய ஒன்றை இழந்ததனால் மனம் கலங்கியவருக்கு நண்பர்களின் ஆறுதல் மொழி மருந்தாகும் என்றும் அது கூறுகிறது.

நோயை அறியும் முறையிலும் நுட்பம் உண்டு. உன்மாதம் எனப்படும் மனப்பிறழ்வைச் சரகர் எட்டு நிலைகளில் ஏற்படும் மாற்றமாக விளக்குகிறார். மனம், பகுத்தறிவு, உணர்வுநிலை, நினைவு, விருப்பம், இயல்பு, உடலசைவு, ஒழுகலாறு என்பவை அந்த எட்டு. இன்றைய மனநல மருத்துவரும் நோயாளியின் தோற்றம், பேச்சு, எண்ண ஓட்டம், உணர்வு, நினைவாற்றல் முதலியவற்றை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தே முடிவுக்கு வருகிறார். இரண்டும் ஒன்றல்ல எனினும், பார்த்தும் கேட்டும் வரிசைப்படுத்தியும் அறியவேண்டும் என்னும் ஒழுங்கு இரண்டுக்கும் பொது.

தெரிந்து தெளிவோம்

இந்திய மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, மனநல வல்லுநர் என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் இந்திய மருத்துவ முறைகளையும் சேர்த்துள்ளது. ஆயுர்வேதத்தில் 'மனோவிஞ்ஞானம் மற்றும் மானச ரோகம்' என்னும் பிரிவிலும், சித்த மருத்துவத்தில் 'சிறப்பு மருத்துவம்' என்னும் பிரிவிலும் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் இவ்விளக்கத்துள் அடங்குவர். ஐந்தரை ஆண்டு இளநிலைப் படிப்பை முடித்த பின்னரே மூன்றாண்டு முதுநிலைப் படிப்பில் சேர இயலும். சென்னை தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் சிறப்பு மருத்துவம் பயிற்றுவிக்கப்படுகிறது.

கொள்வனவும் தள்ளுவனவும்

பழமை என்பதனாலேயே ஒன்று முழுதும் கொள்ளத்தக்கதாகாது. மனம் பிறழ்ந்தவரைத் தெளிவிக்க, பல் பிடுங்கிய பாம்பையும் பழக்கிய யானையையும் காட்டி அச்சுறுத்துமாறு அதே சரக சம்ஹிதை ஓரிடத்தில் கூறுகிறது. அக்காலத்தில் உலகின் பல பகுதிகளிலும் இத்தகைய முறைகள் இருந்தன. இன்று அவற்றை எந்த மருத்துவ முறையும் ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. அச்சத்தால் நடுங்குபவரை மேலும் அச்சுறுத்துதல் மருத்துவமாகாது.

அச்சமும் விலங்கும் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கண்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. அங்கே மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. பின்னாளில் வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை முற்றாகத் தடைசெய்தது. மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்பதையும் அச்சட்டம் நிலைநாட்டியது.

ஏர்வாடியில் நிகழ்ந்த பிந்தைய மாற்றமும் நினைக்கத்தக்கது. தர்காவுக்கு வழிபட வருவோரைத் தடுக்காமல், அவ்விடத்திலேயே மனநல மருத்துவமும் கிடைக்கச் செய்யும் திட்டம் தொடங்கப்பட்டது. மருந்தும் மன்றாட்டும் எனப் பொருள்படும் 'தவா-துவா' என்பது அதன் பெயர். மக்களின் நம்பிக்கையை இகழாமல் அவர்களை மருத்துவத்திடம் அழைத்துவரும் வழி இது.

மூலிகைகள் குறித்தும் இதே தெளிவு தேவை. வல்லாரை, அதிமதுரம், சீந்தில் ஆகியவற்றை அறிவாற்றலுக்கு உரம் தருவனவாக ஆயுர்வேதம் போற்றுகிறது. எனினும் எந்த மூலிகையையும் தகுதிபெற்ற மருத்துவரின் அறிவுரையின்றி உட்கொள்ளுதல் கூடாது. மனநல மருத்துவர் அளித்த மாத்திரைகளைத் திடீரென நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவது பேரிடர் விளைக்கும்.

கேட்டல் என்னும் பயிற்சி

அருகிருந்து கேட்பதற்கு ஏன் பயிற்சி வேண்டும்? காது உள்ளவர் எல்லாரும் கேட்கலாமே என்று தோன்றலாம். பென்னாகரம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்து பாருங்கள். அவர் தம் வீட்டிற்கு வந்த சுகாதாரப் பணியாளரிடம், "ராத்திரியில தூக்கமே வர்றதில்லம்மா, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குது" என்கிறார். "எல்லார் வீட்டிலும் இருப்பதுதான், மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று பணியாளர் கூறினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கூறியவருக்கு அன்பு இல்லாமல் இல்லை, பயிற்சி இல்லை.

பயிற்சி பெற்றவர் அருகில் அமர்வார். "எத்தனை நாளா இப்படி இருக்குது அக்கா?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பார். அந்தப் பொறுத்திருத்தலில்தான் துயரத்தின் காரணம் வெளிப்படும். பசி, உறக்கம், அன்றாட வேலை ஆகியவற்றில் மாற்றம் உண்டா என வினவுவார். வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்பதையும் தயங்காமல், கனிவுடன் கேட்பார். அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்திற்கு அடிப்படையில்லை. கேட்பது பாதுகாப்பிற்கு வழிதிறக்கும் என்பதே மருத்துவர்களின் கருத்து.

உளவள ஆலோசனைப் பயிற்சியில் கற்பிக்கப்படும் அடிப்படைகள் சில உள்ளன. குறுக்கிடாமல் கேட்டல், கேட்டதைச் சுருக்கித் திரும்பக் கூறி உறுதிசெய்தல், நல்லவர், தீயவர் எனத் தீர்ப்புக் கூறாமை, தம் விருப்பத்தை அறிவுரையாகத் திணிக்காமை, உயிருக்கு ஆபத்து நேரும் நிலை தவிர, பிறவற்றில் மறைபொருள் காத்தல். இவை எளியனவாகத் தோன்றினும் நடைமுறையில் கடினமானவை. ஆகவேதான் பயிற்சி பெறுவோரை ஒருவரையொருவர் பேசவும் கேட்கவும் செய்து, மூத்த ஆலோசகர் அதனைக் கவனித்துத் திருத்துகிறார். வகுப்பு முடிந்த பின்னரும் இந்த மேற்பார்வை தொடர்கிறது.

சென்னையில் 1986இல் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பில், தன்னார்வலர்கள் பயிற்சி பெற்ற பிறகே அழைப்போரின் துயரைக் கேட்கின்றனர். 1984இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் மருத்துவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான அவர், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக நெடுங்காலம் பணியாற்றினார். நோய் தணிந்தவர் தொழில் கற்றுக் குடும்பத்தோடு வாழ்வதையும் சிகிச்சையின் பகுதியாகக் கருதினார்.

பாட்டியர் அமர்ந்த இருக்கை

மருத்துவர் குறைவான நாட்டில் பயிற்சி பெற்ற எளிய மனிதர்கள் ஆற்றக்கூடிய பணிக்கு ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே சான்றாகிறது. அங்கே மனநல மருத்துவரான டிக்சன் சிபாண்டாவிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருவர், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் வீட்டிலேயே இருந்து உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவமனைக்கு வர இயலாதவரிடம் மருத்துவமே செல்லவேண்டும் என்று சிபாண்டா உணர்ந்தார். 2006இல் ஹராரே நகரின் முபாரே பகுதியில் 14 பாட்டியருக்கு உரையாடல் வழியாகச் சிக்கலைத் தீர்க்கும் முறையைக் கற்பித்தார். சுகாதார நிலையத்தின் வெளியே மரப்பலகை ஒன்று போடப்பட்டது. துயருற்றோர் பாட்டியரின் அருகில் அதில் அமர்ந்து பேசினர். அது 'நட்பு இருக்கை' எனப் பெயர் பெற்றது.

அப்பாட்டியர் 'மனச்சோர்வு நோய்' என்னும் மருத்துவச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. 'மிகுதியாக எண்ணுதல்' எனப் பொருள்படும் தம் தாய்மொழிச் சொல்லையே ஆண்டனர். இம்முறை முறையாக ஆராயப்பட்டு, 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் முடிவு வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நட்பு இருக்கையில் பேசியவர்களுக்கு ஆறு மாதங்களுக்குப் பின் நோய்க்குறிகள் குறைவாக இருந்தன. நம் நாட்டில் கோவாவில் 'சங்காத்' அமைப்பு, மருத்துவப் பட்டம் இல்லாத ஆலோசகர்களைப் பயிற்றுவித்து நடத்திய ஆய்வும் இதனை ஒத்த முடிவையே தந்தது.

தாய்மொழி இங்கே கருவியாக மட்டும் நிற்கவில்லை. 'மனம் பாரமாக இருக்கிறது', 'நெஞ்சு படபடக்கிறது', 'எதிலும் பிடிப்பில்லை' என்று நம் மக்கள் கூறும்போது அவர்கள் நோயையே விவரிக்கின்றனர். அச்சொற்களைப் புரிந்துகொள்ளும் செவி, அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு எளிதில் வாய்க்கும்.

சிட்லிங்கி காட்டும் வழி

ஊரார்க்கே பயிற்சி அளித்தல் என்னும் வழி தருமபுரி மாவட்டத்திற்குப் புதிதன்று. அரூர்ப் பகுதியில் மலைகள் சூழ்ந்த சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிற்கு 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் இலலிதாவும் வந்தனர். ஒரு குடிசையில் 'பழங்குடி நலவாழ்வு முயற்சி' என்னும் மருத்துவப் பணியைத் தொடங்கினர். வெளியிலிருந்து செவிலியர் வரத் தயங்கிய அவ்விடத்தில், உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே நலவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தனர். அப்பெண்கள் மகப்பேறு பார்த்தனர். ஊர்தோறும் சென்று தாய்சேய் நலத்தைக் கண்காணித்தனர். பள்ளத்தாக்கில் குழந்தை இறப்பு பெரிதும் குறைந்தது. இலம்பாடிப் பெண்களின் மறைந்துவந்த தையற்கலையும் 'போர்கை' என்னும் அமைப்பின்வழி உயிர்பெற்றது. பெருமிதம் என்பது அச்சொல்லின் பொருள்.

சிட்லிங்கி உணர்த்தும் உண்மை உள்ளநலத்திற்கும் பொருந்தும். பட்டம் பெற்றவர் வரும்வரை ஓர் ஊர் காத்திருக்க வேண்டியதில்லை, ஊரிலுள்ளோர் கற்கலாம். ஆனால் அவர்கள் முறையாகக் கற்கவேண்டும். அவர்களுக்குப் பின்னே மருத்துவர் ஒருவர் நிற்கவேண்டும். மாவட்ட மனநலத் திட்டம் இன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் செயல்படுகிறது. 2021இல் பக்கத்து மாவட்டமான கிருட்டினகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்குமான மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது. வாசலுக்குச் செல்லும் அக்கால்களுக்கு உறங்காத கண்களையும் கவனிக்கக் கற்பித்தால், துயரம் நோயாக முதிருமுன் பலரைக் காக்க இயலும்.

எல்லையை அறிதல்

உழைச்செல்வானுக்குத் தேவையான இறுதித் தகுதி, தம் எல்லையை அறிதல். பிறர் கேளாத குரல்கள் காதில் ஒலிப்பதாகக் கூறுபவர், உண்ணாமலும் உறங்காமலும் நாட்களைக் கழிப்பவர், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுபவர் ஆகியோருக்கு ஆறுதல் மொழி மட்டும் போதாது. அவர்களை உடனே மருத்துவரிடம் சேர்க்கவேண்டும். சில வாரப் பயிற்சி பெற்றுச் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு, எல்லா நோயையும் தீர்ப்பதாகக் கூறுபவர் எந்த மருத்துவ முறையின் பெயரைச் சொன்னாலும் அவரிடம் விழிப்புடன் இருத்தல் நலம். நான்கு கால்களில் ஒன்று, ஏனைய மூன்றின் வேலையையும் தானே செய்ய முயன்றால் கட்டில் சாய்ந்துவிடும்.

மாணவர்களாகிய உங்களிடமும் ஒருநாள் நண்பர் ஒருவர், "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று கூறக்கூடும். அதனைச் சிரித்து ஒதுக்காதீர்கள். கோழை என்று பழிக்காதீர்கள். அருகில் அமர்ந்து முழுதும் கேளுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொண்டாலும், நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ அன்றே தெரிவியுங்கள். அது காட்டிக்கொடுத்தல் ஆகாது, காத்தல் ஆகும். உங்களுக்கே அத்தகைய சோர்வு நேர்ந்தால் வாய்திறந்து சொல்லுங்கள். உதவி கேட்பதில் இழிவு ஏதுமில்லை. அருகே ஒருவர் இருந்தால் கடக்கக்கூடிய துயரத்தைத் தனியே சுமந்து எவரும் உயிரிழக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கக் கற்றவர்கள் பெருகும்போது அந்நிலை மாறும்.

தெரிந்து தெளிவோம்

மனநல உதவிக்கு 14416 என்னும் 'டெலி மானஸ்' எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இத்தேசியச் சேவை 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், உலக மனநல நாளில் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

கற்பவை கற்றபின்...

1. 'மனம்' என்னும் சொல்லோடு சேர்ந்து உங்கள் ஊரில் வழங்கும் தொடர்களைத் தொகுத்து, அவை உணர்த்தும் மனநிலைகளை எழுதுக.

2. இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் ஐந்து நிமிடம் பேச மற்றவர் குறுக்கிடாமல் கேட்டு, கேட்டதைச் சுருக்கிக் கூறுக. கேட்கும்போது நேர்ந்த இடர்ப்பாடுகளை வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் பள்ளியில் 'நட்பு இருக்கை' ஒன்று அமைக்க வேண்டித் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுக. அதில் அமர்ந்து கேட்பவருக்கு அளிக்கவேண்டிய பயிற்சியையும் குறிப்பிடுக.